பெட்டிக்குப் பத்துக் காய்

என் மாமா வாத்தியார் ஆகாமல் போனதற்கு ஏலக்காய்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏலக்காய் என்ன பாவம் செய்தது?

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கணக்குப் படித்து, வாத்தியார் படிப்பையும் முடித்துவிட்டு, போடியில் எங்கள் வீட்டு மாடியறையில் வேலைக்காகக் காத்திருந்தார். சிலமலையில் அவருக்கு ஒரு பெண் பேசி வைத்திருந்தது. ஏதோ ஒரு கல்யாண வீட்டில் இரண்டு பேரும் பார்த்துப் பிடித்துப்போய், பெரியவர்கள் அப்புறம் பேசியது. பையன் ஒரு பள்ளிக்கூடத்தில் காலை ஊன்றட்டும், தை பிறந்ததும் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, நான் ஐந்தாம் வகுப்பு படித்த பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் இடம் காலியானது. மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்டச் சொன்னார்கள். அதுவும் எங்கள் வகுப்புக்கே. பாடம், இடமதிப்பும் தசம எண்களும்.

"புளியங்கொட்டையை வச்சு எண்ணச் சொல்லுடா. நாங்கள்லாம் அப்படித்தான படிச்சோம்" என்றாள் அம்மா.

"போடியில பொறந்துட்டுப் புளியங்கொட்டையாக்கா? ஏலக்கா எதுக்கு இருக்கு?" என்றார் மாமா.

யோசனை என்னவோ அருமையானதுதான். பத்துக் காய் ஒரு தீப்பெட்டிக்குள். பத்துத் தீப்பெட்டி ஒரு செருப்பு அட்டைப்பெட்டிக்குள். ஒன்று, பத்து, நூறு வந்துவிட்டதா? இனி அதையே திருப்பிப் போட வேண்டும். தீப்பெட்டியை ஒன்று என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கிற ஒரு காய் எவ்வளவு? பத்தில் ஒன்று. புள்ளி ஒன்று. மூன்று காய் எடுத்தால் புள்ளி மூன்று. எனக்கே ஒரே தடவையில் புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒத்திகைக்கு நாங்கள் வைத்துக்கொண்டது தரம் பிரித்த காய். அம்மா கமிஷன் கடையிலிருந்து மூட்டை வாங்கி வந்து, வீட்டிலேயே தரம் பிரித்துக் கொடுப்பாள். பிரித்து வைத்திருந்த உருண்டைக் காய்களை வைத்துத்தான் மாமா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். மாதிரி வகுப்பு அன்று காலையிலேயே அந்தச் சரக்கு கடைக்குப் போய்விட்டது. மாமா அவசரத்தில், பிரிக்காத மூட்டையிலிருந்து ஒரு பை அள்ளிக்கொண்டு கிளம்பினார்.

வகுப்பில் கடைசி பெஞ்சில் தலைமையாசிரியையும் தாளாளரும் உட்கார்ந்திருந்தார்கள். தாளாளருக்கு ஊருக்குள் ஏலக்காய் வியாபாரம். மாமா ஒவ்வொரு பெஞ்சிலும் காயைக் கொட்டி, தீப்பெட்டிகளையும் கொடுத்து, "பெட்டிக்குப் பத்துக் காய் எண்ணிப் போடுங்க பார்ப்போம்" என்றார்.

எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேரின் அம்மாக்கள் காய் பிரிக்கிறவர்கள். சாயங்காலமானால் நாங்களும் கூட உட்கார்ந்துவிடுவோம். முன்னால் காயைக் கொட்டினால் கை சும்மா இருக்குமா? எண்ணச் சொன்னது எவர் காதிலும் ஏறவில்லை. பச்சை இந்தப் பக்கம், பழுப்பு அந்தப் பக்கம், வெடித்தது ஓரத்தில் என்று எல்லாக் கையும் பிரிக்க ஆரம்பித்துவிட்டது.

"சார், இதுல கொஞ்சம் வெடிச்சுக் கெடக்கு. கழிச்சிரவா?" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள்.

"கழிக்க வேண்டாம்மா. எண்ணுறப்ப வெடிச்சதும் ஒண்ணுதான், நல்லதும் ஒண்ணுதான்" என்றார் மாமா.

"அதெப்படி சார்! எங்கம்மா பார்த்தா வைவாக" என்றாள் அவள். வகுப்பு மொத்தமும் ஆமாம் ஆமாம் என்றது.

நல்ல காய் மட்டும்தான் பெட்டிக்குள் போனது. ஒரு பெட்டியில் ஏழு தேறியது, இன்னொன்றில் ஐந்து. மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சரி விடுங்க. இந்தப் பெட்டியை ஒண்ணுன்னு வச்சுக்கிட்டா, ஒரு காய் எவ்வளவு?" என்று கேட்டார்.

முதல் பெஞ்சுப் பையன் எழுந்தான். "எந்தப் பெட்டி சார்? ஆளுக்கொரு மாதிரில இருக்கு."

தாளாளர் விழுந்து விழுந்து சிரித்தார். எழுந்து வந்து ஒரு காயை நசுக்கி மோந்து பார்த்து, "எந்தத் தோட்டத்துச் சரக்கு தம்பி இது?" என்று மாமாவையே விசாரித்தார். அதற்குப் பிறகு அது எங்கே வகுப்பு, சந்தைதான்.

மாமா என்னைப் பார்த்தார். விடை தெரிந்த ஒரே ஆள் நான். நானோ அவர் என் குவியலைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிக் காட்டினேன். ஒரு பழுப்பு கிடையாது, ஒரு வெடிப்பு கிடையாது. "யாரு பிள்ளை இது? அடேயப்பா, நல்ல கை!" என்றார் தாளாளர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேலை வேறொருவருக்குப் போனது. அவர் கரும்பலகையில் 0.1 என்று எழுதினார், நாங்கள் பார்த்து எழுதினோம், யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இன்றைக்கு அதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஒன்றும் இன்னொன்றும் சமம் என்று ஒப்புக்கொள்ளாமல் கணக்கில் ஓரடி நகர முடியாது. நாங்கள் அத்தனை பேரும் முட்டிக்கொண்டு நின்ற இடம் அதுதான். அது மாமாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு வகுப்பு கொடுத்திருந்தால் எங்களை அந்த இடத்தைத் தாண்ட வைத்திருப்பார். கொடுக்கத்தான் ஆளில்லை.

தை பிறந்தது. சிலமலைப் பெண்ணைத் தேவாரம் ஊரில் வேறொருவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மாமா மலைமேல் ஒரு எஸ்டேட்டில் ஆட்களை மேற்பார்வை பார்க்கிற சோலிக்கு ஒத்துக்கொண்டார். அவர் கிளம்பிய அன்று விடிகாலையில் அம்மாவும் நானும் மலைக்குப் போகிற ஜீப்பு நிற்கிற இடத்துக்குப் போனோம். எங்கள் தெருப் பெண்களும் காய் எடுக்கப் போவதற்கு அதில்தான் ஏறினார்கள். ஆளுக்கொரு தூக்குவாளி. இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள்.

"நாளைக்குக் கணக்குப் பரீட்சை இருக்கு மாமா. சாயங்காலம் வெரசா வந்துருங்க" என்றேன்.

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். "நல்லா எழுது ஆத்தா" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு அவர் ஏறிக்கொண்டார். டிரைவர் அவருடைய சூட்கேசை மேலே தூக்கிப் போட்டுக் கயிறு கட்டினார். சாயங்காலம் திரும்பி வருகிற ஆளுக்கு எதற்கு அவ்வளவு பெரிய சூட்கேஸ் என்று எனக்கு விளங்கவேயில்லை.