ஒன்பதாவது கேள்வி

ஆயத்த ஆடைக் கம்பெனியில் பதினோரு வருஷமாகச் சட்டை பார்க்கிறவள் அவள். தைத்து முடிந்து வருவதை மேசையில் விரித்தால் காலர், கை, பை, காஜா என்று விரல் தானாக ஓடும். தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவாள். கம்பெனி முழுக்க அவளுக்கு 'செக்கிங் அக்கா' என்றுதான் பெயர். அவள் ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்க்கச் சொல்லும் தைரியம் இதுவரை எந்த சூப்பர்வைசருக்கும் வந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவளின் மகளைத்தான் பள்ளிக்கூடத்தில் 'மந்தம்' என்று முத்திரை குத்திக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளினார்கள். பிள்ளை செய்த குற்றம், கேள்வி கேட்டால் சட்டென்று பதில் சொல்லாமல் யோசித்தது. யோசிக்கத்தானே ஐயா பள்ளிக்கூடம்? இல்லையாம், பக்கத்துப் பிள்ளை கை தூக்குவதற்குள் சொல்லிவிட வேண்டுமாம். ஒரு வருஷம் முழுக்க அந்த வகுப்பில் யாரும் அவளை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வீட்டில் வாய் ஓயாதவள், பள்ளிக்கூட வாசலைக் கண்டாலே அம்மாவின் கைப்பை வாரைப் பிடித்துக்கொண்டு ஊமையாகிவிடுவாள். இரண்டாம் வகுப்போடு போதுமடா சாமி என்று அம்மாவும் அப்பாவும் நிறுத்திவிட்டார்கள். காலையில் அம்மா பாடம் சொல்லித் தருவாள். அவள் மத்தியான ஷிஃப்டுக்குக் கிளம்பியதும், வேன் ஓட்டிவிட்டு வரும் அப்பாவின் முறை.

பாடத்தைவிட விளையாட்டுத்தான் அதிகம். கம்பெனி கழித்துப்போட்ட பட்டன்களில் வரிசை கட்டுவார்கள். அட்டையை வெட்டி வழி கண்டுபிடிக்கும் புதிர் செய்வார்கள். பலகையில் சோடா மூடிகளை ஆணியில் மாட்டி, ஒன்றின் பல் இன்னொன்றைத் தள்ளுகிற மாதிரி வைத்து, "முதல் மூடியைத் திருப்பினா கடைசி மூடி எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்பாள் அம்மா. தொழில் புத்தி போகுமா? ஒவ்வொரு விளையாட்டிலும் ஒரே ஒரு கோளாறை வேண்டுமென்றே ஒளித்து வைப்பாள். அதைக் கண்டுபிடித்து "ரிஜெக்ட்!" என்று கத்தினால் ஜெயித்தாகிவிட்டது, ஆட்டம் முடிந்தது. அதுதான் வீட்டுச் சட்டம். மூன்று மூடிகளை முக்கோணமாக, ஒன்றையொன்று தொடும்படி மாட்டினால் மூன்றுமே சிக்கிக்கொண்டு அசையாது என்பதை மகள் ஏழு வயதிலேயே கண்டுபிடித்துக் கத்தியிருக்கிறாள். மந்தமாம், மந்தம்!

வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை கல்வி அலுவலகத்தில் சிந்தனைத் திறன் தேர்வு உண்டு. தேறாவிட்டால் வருகிற திங்கட்கிழமையே பழைய பள்ளிக்கூடம், அதே கடைசி பெஞ்சு. அதனால் தேர்வன்று அம்மா காலையிலிருந்தே ஒரே பென்சிலைச் சீவிச் சீவி வைத்துக்கொண்டிருந்தாள். மகளோ புது விளையாட்டு விளையாடப் போகிற உற்சாகத்தில் பேருந்தில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

அலுவலக அறையில் ஒரு மேசை, சுவரோரம் பெற்றோருக்கு ஒரு ஸ்டூல், கண்ணாடி போட்ட பெண் அதிகாரி. பன்னிரண்டு கேள்விகள், சரியான விடைக் கட்டத்தில் டிக் போட அரை மணி நேரம். மகள் தாளை மேலிருந்து கீழே விரலால் தடவிப் படித்தாள். திருப்பினாள், மறுபடி படித்தாள். பிறகு ஒன்பதாவது கேள்வியின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள். ஏழே நிமிஷம்.

"முடிச்சிட்டேன் மேடம்."

அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். "என்னம்மா இது? ஒன்பதாவதை அடிச்சு வெச்சிருக்க. மத்ததெல்லாம் காலியா இருக்கே?"

"மத்ததெல்லாம் சரியா இருக்கு மேடம். அதான் ஒண்ணும் போடலை."

ஸ்டூலில் இருந்த அம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. சட்டை பார்க்கிற புத்தியை அப்படியே பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறாளே! நல்ல சட்டையில் யார் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்? எழுந்துபோய் வீட்டுச் சட்டத்தை அதிகாரியிடம் தட்டுத்தடுமாறி விளக்கினாள். பாவம் பார்த்தோ என்னவோ, அவர் இன்னொரு தாளை எடுத்துக் கொடுத்தார்.

இந்த முறை டிக் மளமளவென்று விழுந்தது. ஒன்பதாவதில் வந்து நின்றது. படத்தில் மூன்று பல்சக்கரங்கள் முக்கோணமாக, ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நின்றன. முதல் சக்கரத்தை வலப்பக்கம் சுற்றினால் மூன்றாவது எந்தப் பக்கம் சுற்றும்? வலமா, இடமா?

"இது சுத்தாது மேடம். மாட்டிக்கும்."

"வலமா இடமான்னுதான் கேட்டிருக்கு. ஏதாவது ஒண்ணைப் போடு. விடைக்குறிப்புல வலம்னு இருக்கு, நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு கட்டம் காலியா இருந்தாலும் தாள் செல்லாது."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்குத் திங்கட்கிழமை தெரிந்தது, கடைசி பெஞ்சு தெரிந்தது. "வலத்துல போட்டுடு கண்ணு."

"தப்புன்னு தெரிஞ்சுமாம்மா?"

"சொன்னதைச் செய்!"

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. 'மிக நன்று' என்று சான்றிதழில் முத்திரை விழுந்தது. திரும்பி வரும் பேருந்தில் மகள் பாடவில்லை. அம்மாவுக்கு அந்த அதிகாரி மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன் மேல்தான் அதிகம் வந்தது. கோளாறு என்று தெரிந்தே ஒரு பீஸைப் 'பாஸ்' பண்ணிவிட்டது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை, எப்போதும்போல மூடிப் பலகையை எடுத்தாள். வேண்டுமென்றே முக்கோணமாக மாட்டி, "முதல் மூடியைத் திருப்பினா மூணாவது எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டாள். மகள் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை. கத்தவும் இல்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"எதைச் சொல்லணும்மா? வலமா?"

அவ்வளவுதான், அம்மாவுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. மந்தம் என்று சொன்ன பள்ளிக்கூடம் ஒரு வருஷத்தில் செய்ய முடியாததை பெற்றவளே ஒரே வார்த்தையில் செய்துவிட்டாள்; பிள்ளை தன் கண்ணையே நம்பவில்லை. பலகையைத் தூக்கிப் பையில் போட்டாள், கூடவே சான்றிதழையும். "செருப்பைப் போடு, கிளம்பு."

"பாஸ் ஆனதைக் கெடுத்துக்காதே. ரத்து பண்ணிட்டா என்ன பண்ணுவ?" என்றான் வேன் ஓட்டக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன்.

"பண்ணட்டும். அதுக்காக இவ என் மூஞ்சியைப் பார்த்துப் பதில் சொல்லணுமா?"

அதிகாரி முன்னால் போய்ப் பலகையை வைத்தாள். சான்றிதழை அதன் பக்கத்தில் வைத்தாள். "வேணும்னா இதைத் திருப்பி எடுத்துக்கோங்க மேடம். நேத்து என் பொண்ணு தப்பா எழுதலை, நான்தான் எழுத வெச்சேன். நீங்களே வலப்பக்கம் சுத்திக் காட்டுங்க, நான் பேசாம போயிடறேன்."

அதிகாரி எரிச்சலோடு முதல் மூடியைத் திருப்பினார். அசையவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு அழுத்தித் திருப்பினார். பலகைதான் திரும்பியது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மகள் அம்மாவின் கைப்பை வாரை விட்டுவிட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். இந்த முறை அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எவ்வளவு திருப்பினாலும் சுத்தாது மேடம்," என்றாள். "ரிஜெக்ட்."