மெயின்லேண்டுக்கு ஒரு பார்சல்

ஷாதிபூரில் எங்கள் வீட்டுக்கும் செல்வி வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் கணவன் அவளை அடிப்பது எங்களுக்குக் கேட்கும். குடும்பம் என்றால் ஆயிரம் இருக்கும் என்று நான் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பேன்.

ஒருநாள் காலையில் தண்ணீர் பிடிக்கும்போது செல்வி சொன்னாள்: “அக்கா, வெள்ளிக்கிழமை கப்பல்ல மெயின்லேண்ட் போறேன். அம்மாவைப் பார்க்கணும். அவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

இந்தத் தீவிலிருந்து யாராவது மெயின்லேண்ட் போகிறார்கள் என்றால் அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு பார்சல் கொடுத்துவிடுவோம். சென்னையில் இருக்கும் என் தங்கைக்குக் கருவாடு கட்டி எடுத்துக்கொண்டு சாயங்காலம் போனேன். வாசலில் அவள் கணவன் நின்றிருந்தான்.

“தம்பி, செல்வி கப்பலுக்குப் போறப்ப இதையும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.”

“அச்சா, போறாளா?” என்று சிரித்தான். “சொல்றேன்க்கா.”

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. வழக்கம்போல டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

வெள்ளிக்கிழமை கப்பலின் ஹாரன் கேட்டது. மறுநாள் செல்வி வந்தாள். வலது கையில் மாவுக்கட்டு, இடது கையில் என் பார்சல்.

“கப்பல் போயிருச்சுக்கா” என்றாள்.

அன்றுதான் அவளை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, என்ன நடக்கிறது என்று கேட்டேன். அடுத்த கப்பலுக்கு டிக்கெட் எடுத்து, கப்பல் ஏறும் ஜெட்டி வரை கூடப் போனேன். அவள் கணவன் வந்து விசாரித்தபோது தெரியாது என்றேன்.

அந்தக் கை இன்னும் முழுசாக மடங்கவில்லை என்று போனில் சொல்கிறாள். கருவாட்டைத் தபாலிலேயே அனுப்பியிருக்கலாம்.