கல்முனை ஸ்டேஷன்

எங்கள் ஊருக்கு ரயில் இல்லை. இதை யாராவது ஒரு குறைபோலச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். தண்டவாளம் மட்டக்களப்போடு நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே கல்முனையும் அக்கரைப்பற்றும் பொத்துவிலும் இன்னும் பஸ்ஸுக்குத்தான் காத்து நிற்கின்றன. தேர்தல் வந்தால் ரயிலும் வரும். மேடையில் ஏறி, ஒலிபெருக்கியில் கூவி, வாக்குப்பெட்டியை மூடியதும் வந்த வழியே போய்விடும். இப்படி வந்துபோன ரயில்களை எல்லாம் சேர்த்தால் கொழும்பில்கூட அவ்வளவு இருக்காது. ரயில்தான் இல்லையே தவிர, ஸ்டேஷன் இருந்தது. எங்கள் வீட்டு ஹோலில், ஒரு பழைய கதவுப் பலகையின் மேல் இருந்தது.

அதைக் கட்டியவர் என் மாமா, உம்மாவின் ஒரே தம்பி. கத்தாரில் பல வருடம் கட்டட வேலை செய்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தபோது ஒரு பொம்மை ரயில், எங்கள் பேச்சில் கோச்சி, கொண்டுவந்தார். கறுப்பு எஞ்சின், நாலைந்து பெட்டிகள், வளைத்துப் பொருத்தும் தண்டவாளம். கரண்டில் ஓடும். மருமகளுக்கு, அதாவது எனக்கு, என்று சொல்லித்தான் பிரித்தார். பிரித்த பிறகு மருமகளுக்கு அதைத் தொடக்கூடக் கிடைக்கவில்லை. நான் அப்போது ஆறாம் தரம். சும்மா விட்டுவிடுகிற பிள்ளையும் இல்லை. அழுது, உருண்டு, சண்டை பிடித்துக் கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். ஓட்டுவது அவர், எங்கே நிற்பாட்டுவது என்று சொல்வது நான். நான் கல்முனையில் நிற்பாட்டச் சொன்னேன்.

"கல்முனையில ஸ்டேஷன் இல்லையே புள்ள" என்றார் மாமா.

"அப்ப கட்டுங்க" என்றேன்.

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டு எழும்பிப் போயிருப்பார்கள். மாமா எஞ்சினைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓம், கட்டத்தான் வேணும்" என்றார். "ஆனா இல்லாத ஸ்டேஷன்தானே எண்டு கண்டபாட்டுக்குக் கட்ட ஏலா. மட்டக்களப்புக்குக் கோச்சி வந்த நேரமே இஞ்சயும் வந்திருந்தா வெள்ளைக்காரன் எப்படிக் கட்டியிருப்பான்? அதத்தான் நாம கட்டோணும்."

அன்றிலிருந்து மாமாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று வீட்டில் பேச்சு. மலைநாட்டு ஸ்டேஷன், கரையோர ஸ்டேஷன் என்று பழைய படங்களாகத் தேடி ஃபோனை நிரப்பினார். எது வெள்ளைக்காரன் கட்டியது, எது பின்னால் ஒட்டுப்போட்டது என்று கூரையை வைத்தே பிரிப்பார். சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு, கூரை விளிம்பில் தொங்கும் மரப்பலகையை உம்மாவுக்குக் காட்டி, மழைத்தண்ணி சொட்டுவதற்காகத்தான் அதன் ஓரத்தைக் கூர்கூராக வெட்டுவார்கள் என்று விளக்கம் சொல்லுவார். "சோறு ஆறுது, தின்னு" என்பதுதான் உம்மாவின் பதில்.

ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பு ஸ்டேஷனுக்குப் போனார். அரசாங்கக் கட்டடத்தை நாடா பிடித்து அளந்தால் ஆயிரம் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அளவுகோலாக என்னைக் கொண்டுபோயிருந்தார். தூணுக்குப் பக்கத்தில் நில், கதவுக்குப் பக்கத்தில் நில், டிக்கட் கொடுக்கிற யன்னலுக்குக் கீழே நில் என்று நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்தார். என் உயரம் தெரியும், அதை வைத்துக் கட்டடத்தின் உயரத்தைக் கணக்குப் பண்ணலாம். எல்லாப் படத்திலும் நான் வெயிலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறேன். மாமாவுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

சீருடை போட்ட ஒருவர் வந்து, பிள்ளையைப் படம் எடுக்க வேறு இடம் கிடைக்கவில்லையா என்று கேட்டார். மாமா மறைக்கவில்லை. கல்முனைக்கு ஸ்டேஷன் கட்டப்போகிறோம், அதற்கு அளவு எடுக்கிறோம் என்றார்.

"கல்முனைக்குக் கோச்சியே இல்லையே, தம்பி."

"ஸ்டேஷன் இருந்தா அது வரட்டுமே" என்றார் மாமா.

அந்த மனிதர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பூட்டியிருந்த பழைய அறையைத் திறந்து, உள்ளே மரக்கூரை எப்படித் தாங்கி நிற்கிறது என்று பார்க்க விட்டார். அந்த அறையிலும் மாமா என்னைத்தான் நிறுத்திப் படம் எடுத்தார்.

ஊருக்கு வந்த பிறகும் ஓயவில்லை. கல்முனையில் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் எங்கெங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கெல்லாம் போனோம். நம்முடைய உப்புக்காற்றுக்கு அவர்கள் எந்தக் கல் வைத்தார்கள், சுவர் எவ்வளவு மொத்தம், யன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்க வேண்டுமாம். பிறகு கட்டத் தொடங்கினார். வாப்பாவின் ஹாட்வெயார் கடையிலிருந்து பசையும் பெயின்டும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சுவர் பிஸ்கட் பெட்டி அட்டை, தூண் ஐஸ்கிரீம் குச்சி, ஓட்டுக்கூரை அட்டைக்குள் இருக்கும் நெளி. விளிம்புப் பலகைக்கு மட்டும் நல்ல தடித்த அட்டை தேவைப்பட்டது. ஊராருடைய கலியாணக் கார்டுகளை எல்லாம் கூர்கூராக வெட்டினோம். கட்டி முடிக்கும்போது அது அவ்வளவு அழகாக இருந்தது. பொம்பிளைகளுக்குத் தனியாக ஓர் அறை, தொழுகைக்கு ஓர் அறை, தொழுமுன் கைகால் கழுவி வுழூச் செய்யக் குழாய்கூட இருந்தது. மட்டக்களப்பில் இல்லாதது எல்லாம் எங்கள் ஸ்டேஷனில் இருந்தது என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமாவை மாப்பிள்ளை கேட்டுச் சாய்ந்தமருதிலிருந்து ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். இங்கே பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். அந்த வீட்டைப் பெண்ணின் வாப்பாவும் சகோதரர்களும் கட்டிக்கொடுக்க வேண்டும். எப்படிப்பட்ட வீடு என்பதை முதல் நாளே மாப்பிள்ளை வீட்டார் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். அது மரியாதை இல்லை. குறிப்பாகக் காட்டுவார்கள், வந்தவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

உம்மா பதறிப்போனார். முப்பது வயது கடந்த ஆம்பிளை பொம்மைக் கோச்சி ஓட்டுகிறான் என்று தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள்? பலகையையே தூக்கிப் பின்னறையில் போடச் சொன்னார். மாமா அசையவில்லை. நானும் பலகைக்குக் குறுக்கே போய் நின்றேன். கடைசியில் உம்மா எஞ்சினையும் பெட்டிகளையும் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். தண்டவாளத்தை வெள்ளைத் துணியால் மூடினார். ஸ்டேஷனை மட்டும் தொட முடியவில்லை, கழற்றித் திரும்ப ஒட்டிய கூரையில் பசை காயவில்லை. அது தனியே ஹோலின் நடுவில், வருகிறவர்களின் கண்ணில் படுகிற மாதிரி நின்றது. பெயர்ப்பலகையை நான் உள்ளறையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

பெண்ணின் வாப்பாவும் வாப்பாவின் அண்ணனான மூத்த நானாவும் வந்தார்கள். ஸலாம் சொல்லி இருந்தார்கள். சர்பத் வந்தது. ஆனால் இரண்டு பேருடைய கண்ணும் சர்பத்தில் இல்லை.

"இது ஆர் செஞ்ச?" என்று பெண்ணின் வாப்பா மெல்லக் கேட்டார்.

"நான்தான்" என்றார் மாமா. அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"மாப்பிள்ளைட விருப்பம் இதுதானோ?"

"ஓம். அங்க இங்க போய்ப் பார்த்து, அளவெடுத்துத்தான் செஞ்ச."

அவர் குனிந்து அதைச் சுற்றிவரப் பார்த்தார். பிறகு முன்பக்கத்தைக் காட்டி, "இவ்வளவு கதவு என்னத்துக்கு?" என்றார்.

"சனம் இடிபடாமப் போய் வரோணுமே. பெருநாள் எண்டா எவ்வளவு சனம் வரும்!"

"இந்த நீட்டு விறாந்தை?"

"அதக் குறைக்க ஏலா. உண்மையா இன்னும் நீளம் வரோணும். இடமில்லாமத்தான் இவ்வளவோட விட்ட."

பெண்ணின் வாப்பா சால்வையால் நெற்றியைத் துடைத்தார். அவர் ஒரு சின்னப் புடவைக் கடைக்காரர். மூத்தவர் கொஞ்சம் தைரியசாலி. கல்லா சீமெந்தா என்று விசாரித்தார். கல்தான், சுவர் ஒன்றரை அடி மொத்தம், வெள்ளைக்காரன் கட்டின மாதிரி இருக்க வேண்டும் என்றார் மாமா. எப்போது முடிய வேண்டும் என்று மூத்தவர் கேட்டார்.

"அது கவர்மெண்டுட கையிலதான் இரிக்கி" என்றார் மாமா, பெருமூச்சோடு.

வந்தவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த நேரம் நான் உள்ளேயிருந்து ஓடிவந்து, 'கல்முனை' என்று மூன்று மொழியிலும் எழுதிய பலகையை ஸ்டேஷன் நெற்றியில் ஒட்டினேன். பெரியவர்கள் இருக்கிற இடத்துக்கு வரக்கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். எழுதி முடித்ததை ஒட்டாமல் எப்படி இருப்பது?

விசயம் விளங்கியதும் மூத்தவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, சர்பத் மூக்கில் ஏறிவிட்டது. பெண்ணின் வாப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லாரும் சிரித்தோம். அதோடு முடிந்திருக்கலாம். மூத்தவருக்குத்தான் அடங்கவில்லை.

"வீடு நாங்க தாறம், நம்மட சக்திக்கு" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த வெளையாட்டுச் சாமான் மட்டும் அங்க வரப்படாது. கோச்சி இல்லாத ஊருக்கு ஸ்டேஷன் கட்டினவன் எண்டு சனம் சிரிக்கும்."

"அது இஞ்சயே கிடக்கட்டும்" என்று வாப்பா அவசரமாகச் சொன்னார். வாப்பாவுக்குச் சண்டை என்றாலே ஆகாது.

"அப்ப நானும் இஞ்சயே கிடக்கன்" என்றார் மாமா.

எனக்கு மாமாவின் தோளில் ஏறிக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. மாமா குரலை உயர்த்தவில்லை, ஆனால் பார்வையைத் தாழ்த்தவும் இல்லை. கலியாணம் முறிந்தது என்றே எல்லாரும் நினைத்தோம். இனி உம்மா வந்து மாமாவைக் கிழித்து எடுக்கப்போகிறார், வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நான் பயந்தேன்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. அன்னிய ஆம்பிளைகள் இருக்கிற சபையில் உம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"நான் இரிக்கிற இந்த வீடு என்ட தம்பி கட்டினது. என்ட தங்கச்சி இரிக்கிற வீடும் அவன் கட்டினதுதான். கத்தார்ல வெயில்ல நிண்டு, உண்ணாமத் தின்னாமக் கட்டின. எங்க ரெண்டு பேருக்கும் வீடு குடுத்துப்போட்டு அவன் வெறுங்கையோட நிக்கான். அவனுக்கு ஒரு கதவுப் பலகை வைக்க இடம் இல்லாத வீட்டுக்கு என்ட தம்பி வரமாட்டான். வேற மாப்பிள்ளை பாருங்க."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். இவ்வளவு நேரம் குனியாத தலை. எனக்கு அது பிடிக்கவில்லை.

பெண்ணின் வாப்பா சர்பத் கிளாசைக் கீழே வைத்தார். நானாவைப் பேசவிடாமல் கையைக் காட்டினார். "மகள்ட்டக் கேட்டுச் சொல்றன்" என்று மட்டும் சொல்லி எழும்பினார்.

பதில் வர ஒரு கிழமை ஆனது. அந்தக் கிழமை முழுக்க உம்மா ஒருவருடனும் சரியாகக் கதைக்கவில்லை, ஆனால் அலுமாரியைத் திறந்து எஞ்சினை எடுத்து அவரே பலகையில் வைத்தார். பெண் சொல்லி அனுப்பியது இதுதான்: முன்னறை கோச்சிப் பலகைக்குத்தான், வீட்டுக் கூரை விளிம்புக்கும் வாப்பா சொன்ன ஸ்டேஷனில் உள்ளதுபோல் கூர்கூராக வெட்டின பலகை அடிக்கலாமா என்று மாப்பிள்ளையிடம் கேட்கவும். மாமா அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

கலியாணத்தன்று மாமாவைப் பெண் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். முன்னால் மாப்பிள்ளைக் கார். பின்னால் வயலுக்குப் போகிற லேன்ட்மாஸ்டர் உழவு வண்டியின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் கதவுப் பலகை. ஸ்டேஷன் காற்றில் சாயாமல் பிடித்துக்கொள்ள நான் ஏறியிருந்தேன். பிரதான வீதியில் கடைக்காரர்கள் எழும்பி வந்து பார்த்தார்கள். சிரித்தவர்களும் உண்டு. நான் அவர்களுக்கு நாக்கை நீட்டினேன். கல்முனை ஸ்டேஷன் கல்முனை வீதியில் போகிறது, சிரிக்க என்ன இருக்கிறது?

ஆனால் அது பிறகு நடந்தது. எங்கள் வீட்டு வாசலில் வண்டி புறப்பட்டபோது உம்மா படலைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா காரில் ஏறுமுன் திரும்பி, வீட்டின் சுவரை ஒரு தடவை பார்த்தார். கையில் ஒரு பயணப்பெட்டி. வேறொன்றும் இல்லை. காரின் கதவு மூடியதும் உம்மா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். கலியாண நாளில் இப்படி அழுவார்களா என்று பக்கத்து வீட்டுக்காரிகள் தேற்றினார்கள். உம்மா கேட்கவில்லை.

எனக்கும் அழுகை வரப் பார்த்தது. ஆனால் யாராவது ஒருவர் தைரியமாக இருக்க வேண்டாமா? பெட்டியின் மேலிருந்தே கத்தினேன்.

"அழாதீங்க உம்மா! கிட்டத்தானே, நினைச்ச நேரம் போய்க் கோச்சி ஓட்டலாம்!"

உம்மா இன்னும் கூடுதலாக அழுதார். இத்தனை நாள் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாலும், உம்மாவுக்கு அந்த ரயில் மேல் இவ்வளவு விருப்பம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.