துப்பாக்கி விளக்குத் தங்கராஜு

மகள் சிவானியின் கல்யாணத்தைப் பதிவு செய்த நாளில் தங்கராஜு குடித்துவிட்டு வந்தார். கையெழுத்தெல்லாம் முடிந்து படம் எடுக்க நின்றபோது சம்பந்தியம்மாள் மேல் சாய்ந்தார். இரண்டு பேரும் சேர்ந்து கீழே விழுந்தார்கள். சிவானி அழவில்லை. அம்மா சந்திரமதியைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே அவர என் வீட்டுப் பக்கம் கூட்டிட்டு வராதீங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு கணவனோடு தீவின் மறுகோடியில் இருக்கும் பொங்கோலுக்குக் குடிபோய்விட்டாள். குவீன்ஸ்டவுன் பழைய வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும் மிஞ்சினார்கள்.

துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் மின்கம்பி இழுப்பது தங்கராஜுவின் வேலை. கப்பலின் வயிற்றுக்குள் ஊர்ந்து போய், வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தால் நேரே குடிதான். மகள் போனபின் குடியை விட்டார். அதற்கு முன்பும் சில தடவை விட்டிருக்கிறார். ஏதாவது ஒரு தீபாவளியில் மறுபடி தொடங்கிவிடுவார். இந்தத் தடவை விட்டது வேறு மாதிரி இருந்தது. லிட்டில் இந்தியாவில் குடியை விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுவார்கள். அங்கே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு நடுங்குவார்.

வீட்டிலிருந்த பாட்டில்களையெல்லாம் சந்திரமதி பைகளில் கட்டினாள். அதில் ஒன்று கைத்துப்பாக்கி வடிவத்தில் இருந்தது. என்றைக்கோ ஒரு கப்பல் சமையல்காரர் பரிசாகக் கொடுத்த டெகீலா பாட்டில். குழாய்முனையில் தக்கை, கண்ணாடியில் விசை, கைப்பிடி எல்லாம் உண்டு.

"அத மட்டும் விடு சந்திரா."

"எதுக்கு? பாத்துப் பாத்துக் குடிக்கவா?"

"காலி பாட்டில்தானே. சும்மா உக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிடும். கைக்கு ஏதாச்சும் வேல வேணும்."

அதில் விளக்குச் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியது. கண்ணாடியில் துளை போடுவது பொறுமையான வேலை. களிமண்ணால் சின்ன வளையம் பிடித்து, அதில் தண்ணீர் தேக்கி, துளைக்கருவியை அழுத்தாமல் மெதுவாக விட வேண்டும். அவசரப்பட்டால் கீறல் ஓடிப் பாட்டிலே போய்விடும். அதைச் செய்யும்போது கை நடுங்கவில்லை என்பதை முதலில் கவனித்தவள் சந்திரமதிதான். அவரிடம் சொல்லவில்லை. அடுப்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாட்டிலுக்குக் கம்பி போட்டாயிற்று. விளக்குக்கு மூடி வேண்டுமே? சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஜலாலுதீன் பழைய சாமான் கடை வைத்திருந்தார். அங்கே இராணுவத் தலைக்கவசங்கள் சட்டி அடுக்கியது போல ஒரு மூலையில் கிடந்தன.

"பாய், இதெல்லாம் யாரு வாங்குறா?"

"நாடகம் போடுறவங்க வந்து கேப்பாங்க. ஏன் அண்ணே, சண்டைக்குப் போறீங்களா?"

ஒன்றை எடுத்துவந்து துருவைத் தேய்த்து, உள்வாரைக் கழற்றி, மரக்கட்டையில் நிமிர்த்தி நிறுத்திய துப்பாக்கியின் முனையில் கவிழ்த்தார். விளக்கைப் போட்டதும் மஞ்சள் வெளிச்சம் இரும்புக்கு அடியிலிருந்து கண்ணாடி வழியாக இறங்கியது. அதைப் பார்த்த ஜலாலுதீன் விழுந்து விழுந்து சிரித்தார். "துப்பாக்கிக்கே தொப்பி போட்டுட்டீங்களே!" பிறகு, "ஹெல்மெட் நான் தர்றேன், பாட்டில நான் தொட மாட்டேன், அது உங்க பாடு" என்று சொல்லிவிட்டு விளக்கைத் தன் கடை வாசலிலேயே வைத்தார். மதுக்கூடம் நடத்தும் ஒருவர் அன்றே அதை வாங்கிப் போனார்.

அதற்குப் பிறகு ஆட்கள் தேடி வந்தார்கள். கட்டாய இராணுவப் பயிற்சியான தேசிய சேவையை முடித்த நண்பனுக்குக் கொடுக்க, அலுவலகத்தை விட்டுப் போகிறவருக்குக் கொடுக்க என்று கேட்டார்கள். கைத்துப்பாக்கி, நீளத் துப்பாக்கி, பீரங்கி என்று விதவிதமான பாட்டில்கள் வந்தன. சிலர் முத்திரை உடைக்காத பாட்டிலையே கொண்டுவந்து, "உள்ள இருக்கிறத நீங்களே வச்சுக்குங்க அங்கிள்" என்றார்கள்.

அதனால் சந்திரமதி ஒரு ஏற்பாடு செய்தாள். நிறைந்த பாட்டிலை அவர் தொடவே கூடாது. அவள்தான் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, குழாயை முழுசாகத் திருப்பிவிட்டு ஊற்றுவாள். வெந்நீரும் சோடா மாவும் போட்டுக் குலுக்கிக் கழுவி, தானே முகர்ந்து பார்த்துவிட்டு வெளியே கொண்டுவருவாள். அதுவரை அவர் தாழ்வாரத்தில் நின்று எதிர்வீட்டுத் துளசிச்செடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்படி ஏழு வருஷம் ஓடிற்று.

சிவானி அந்த ஏழு வருஷமும் அம்மாவைக் கடைத்தொகுதியிலோ கோயிலிலோதான் சந்தித்தாள். "அப்பா இப்பல்லாம் தொடுறதே இல்லடி" என்று சொன்னால், "முன்னாடியும் இப்படித்தானே சொன்னீங்க" என்பாள். அதற்கு மேல் பேச்சு போகாது.

பிறகு சிவானிக்குப் பையன் பிறந்தான். பத்தியச் சமையலுக்கும் குழந்தையைக் குளிப்பாட்டவும் ஒரு மாதம் சந்திரமதி பொங்கோலில் தங்கினாள். ஒருநாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சிவானி சொன்னாள்: "முப்பதாம் நாள் பேர் வைக்கும்போது அப்பாவையும் வரச் சொல்லுங்க."

சந்திரமதி தொலைபேசியில் அதைச் சொன்னபோது மறுமுனையில் அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"என்னங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன். என்ன சட்டை போட்டுக்கிட்டு வரட்டும்?"

குழந்தைக்குத் துப்பாக்கி வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். தலைக்கவசம் ஒன்றுக்கு வெள்ளைச் சாயம் அடித்து, உச்சியெல்லாம் சின்னச் சின்னத் துளை போட்டார். உள்ளே விளக்கெரிந்தால் கூரையில் நட்சத்திரம் விழும். ஜலாலுதீனிடம் தினமும் அதைப் போட்டுப் போட்டுக் காட்டினார்.

அந்த வாரம்தான் சரத் வந்தான். வங்கியில் வேலை. கையில் நீளத் துப்பாக்கி பாட்டில், முழுசாக இருந்தது.

"அங்கிள், ஃப்ரைடே ஃபேர்வெல் லா. பாஸ் ஊருக்குத் திரும்பிப் போறாரு. எப்படியாச்சும் முடிச்சுக் கொடுங்க."

தங்கராஜு பொங்கோலிலிருந்த மனைவியைத் தொலைபேசியில் அழைத்தார். "அப்படியே வைங்க. ஞாயித்துக்கிழமை வந்து நான் ஊத்திக் கொடுக்கிறேன்" என்றாள். சரி என்றார். ஆனால் வெள்ளிக்கிழமைக்கே வேண்டும் என்று சரத் மறுபடியும் கூப்பிட்டுக் கெஞ்சினான். இல்லை என்று சொல்ல அவருக்கு வரவில்லை. ஏழு வருஷம் ஆயிற்று, தொட்டியில் கவிழ்த்துவிடுவதில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை தலைக்கவசம் கொண்டுவந்த ஜலாலுதீன் வாசலிலேயே வாடையைப் பிடித்துவிட்டார். தங்கராஜு அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஈரத்துணி.

"மூக்குல துணி கட்டிக்கிட்டுத்தான் ஊத்துனேன் பாய். பாதி தொட்டியில போயிடுச்சு. கையில கொஞ்சம் பட்டுச்சு. கழுவியிருக்கணும். கழுவல."

"வாங்க, அந்தக் கூட்டத்துக்காரங்களக் கூப்பிடலாம். அண்ணிக்கிட்டச் சொல்லலாம்."

"வேணாம். பேர் வைக்கிறதுக்குள்ள நிறுத்திடுவேன். அவகிட்டச் சொல்லாதீங்க."

அவரால் நிறுத்த முடியவில்லை. சரத்தின் விளக்கைச் சொன்ன நாளில் முடித்துக் கொடுத்துவிட்டுக் குடிக்கக் கீழே கடைக்குப் போனார். மறுநாளும் போனார்.

முப்பதாம் நாள் காலையில் குளித்து, புதுச்சட்டை போட்டு, வாய் நிறையக் கிராம்பு மென்றுகொண்டு ஜலாலுதீனின் வேனில் ஏறினார். மடியில் வெள்ளை விளக்கு. பொங்கோலில் மகள் வீட்டுக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு வந்ததும் கல்மேசை ஓரம் உட்கார்ந்துவிட்டார்.

"பாய், என்கிட்ட வாடை அடிக்குதா?"

பொய் சொல்லியிருக்கலாம் என்று ஜலாலுதீன் பின்னாளில் பல தடவை நினைத்ததுண்டு. அன்றைக்கு, "அடிக்குது அண்ணே" என்றுதான் சொன்னார்.

"அப்ப நீங்க மட்டும் மேல போங்க. இதக் கொடுத்துடுங்க."

கதவைத் திறந்த சந்திரமதி ஜலாலுதீனின் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மின்தூக்கியில் கீழே இறங்கி வந்தாள். கணவனின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எந்த பாட்டில்?"

சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்கக் கூடாதா? நான் வந்து ஊத்தியிருப்பேனேங்க."

"உள்ள போ சந்திரா. எல்லாரும் தேடுவாங்க."

மேலே சிவானி குழந்தையோடு தாழ்வாரத்தில் நின்று இருவரையும் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போனாள். பிள்ளைக்கு ஆதவன் என்று பெயர் வைத்தார்கள்.

அதன் பிறகு தங்கராஜு விளக்குச் செய்யவில்லை. சந்திரமதி எவ்வளவோ மன்றாடினாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் வாசல்வரை ஒருமுறை வந்து திரும்பிவிட்டார். ஏற்கெனவே கெட்டிருந்த ஈரல் அந்த வருஷக் கடைசியைத் தாண்டவில்லை. இரத்த வாந்தி எடுத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிவானி வந்தபோது அவருக்கு நினைவு இல்லை. கைக்குழந்தையை அந்த அறைக்குள் விடமாட்டோம் என்றார்கள். கண்ணாடிக்கு வெளியே கணவன் பிள்ளையைத் தூக்கிப் பிடித்திருக்க, அவள் உள்ளே போய், "அப்பா, ஆதவன் வந்திருக்கான்" என்றாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. பேரனைப் பார்க்காமலே போய்விட்டார்.

வீட்டுக்குக் கீழே பந்தல் போட்டுக் கிடத்தியிருந்தபோது சரத்தும் வந்தான். எதுவும் தெரியாத பிள்ளை. கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். "ஆன்ட்டி, அங்கிள் செஞ்சது. பாஸ் லண்டன்ல வீட்டு ஹால்லயே வச்சிருக்காரு. அவ்ளோ புடிச்சிருக்கு அவருக்கு."

பக்கத்தில் நின்ற ஜலாலுதீனுக்கு முகம் சிவந்துவிட்டது. சந்திரமதி அவர் கையைத் தொட்டு அடக்கினாள். படத்தை வாங்கிப் பார்த்தாள். "நல்லா இருக்கு தம்பி. சாப்டுட்டுப் போ" என்றாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் சிவானி குழந்தையோடு குவீன்ஸ்டவுனில் சில நாள் தங்கினாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அப்போதுதான். அப்பாவின் வேலை மேசை முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"குடிக்காத அப்பாவ நான் பாக்கவே இல்லம்மா. ஏழு வருஷம் இங்கதான் இருந்திருக்காரு. நான் பாக்கல." அழுது ஓய்ந்தபின், "எப்படி இருந்தாரு?" என்று கேட்டாள்.

சந்திரமதி மகளின் கூந்தலை ஒதுக்கிவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.

"காலையில எனக்கு முன்னாடியே எந்திரிச்சு காப்பி போடுவாரு. சர்க்கரைய அள்ளிப் போட்டுடுவாரு, வாயில வைக்க முடியாது. நல்லாருக்கான்னு கேப்பாரு. நல்லாருக்குன்னு குடிச்சிடுவேன்."

"அப்புறம்?"

"தேக்கா மார்க்கெட்டுல கீரை வாங்கப் போனா நாலு கடை ஏறி இறங்குவாரு. கடைசில வாடுன கட்டத்தான் வாங்கிட்டு வருவாரு."

உள்ளே ஆதவன் விழித்துக்கொண்டு சிணுங்கினான். சிவானி எழுந்து போய் அவனைத் தூக்கி வந்து மடியில் போட்டுத் தட்டினாள். "சொல்லுங்கம்மா" என்றாள்.