ஸ்வீடன் மொழியில் அம்மா

போன வாரம் அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சி போகும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த பெண் பால்பவுடர் டின்னைத் திறந்தாள். அந்த வாசனைக்கு என்னை எட்டாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்கும் சக்தி உண்டு. இப்போது பிள்ளைகளை உட்கார வைப்பதே என் உத்தியோகம் என்பது வேறு விஷயம்.

மழை பொய்த்த அந்த வருஷங்களில் வாரம் ஒருமுறை எங்கள் ஊருக்கு ஒரு மிஷன் ஜீப் வரும். பால்பவுடர், மருந்து, ஸ்வீடன் தேசத்து நர்ஸ் எல்லாம் அதிலிருந்து இறங்கும். நர்ஸ் வந்த புதிது, தமிழ் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஊரில் இங்கிலீஷ் படித்த ஒரே பெண்ணும் நான்தான். ஆகவே மொழிபெயர்ப்பாளர் ஆனேன். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதைப் போலவே தடுமாறியதால் எங்களுக்குள் நன்றாகப் புரிந்தது.

முதல் நாளே என்னைத் தனியே அழைத்து, "எல்லாரும் ஏன் என்னைப் பால் கொடு, பால் கொடு என்கிறார்கள்?" என்று கேட்டார். பாவம், அவர்கள் 'அம்மா, அம்மா' என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள். அவர் மொழியில் அம்மா என்றால் தாய்ப்பால் ஊட்டுவதாம். அடுத்தவள் குழந்தைக்குப் பால் கொடுப்பவளுக்கும் அதுதான் பெயராம். ஊருக்கு விளக்கினேன்.

"அப்ப பெத்தவள என்னன்னு கூப்பிடுவாக?"

நர்ஸிடம் கேட்டு, "மோர்னு" என்றேன்.

"நல்ல ஊருதான்" என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

எங்கள் வீட்டில் அம்மா என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. அது டீச்சருக்கும் டாக்டருக்கும் உரியது. பெற்றவள் ஆத்தா. பள்ளிக்கூடத்துப் பெருமையில் ஒருநாள் நான் 'அம்மா' என்று கூப்பிட, ஆத்தா வாசலைப் பார்த்து, "யாரு வந்திருக்கா?" என்றாள்.

அந்தக் கோடையில் பலசரக்குக் கடைக்காரரின் மருமகளுக்குப் பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. டின் பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அழவும் தெம்பில்லாமல் கிடந்தது. தூக்கிப் பார்த்த நர்ஸ் பதற்றத்தில் தன் மொழியிலேயே "அம்மா, அம்மா" என்றார். இந்தத் தடவை மொழிபெயர்ப்புக்கு வேலை இருக்கவில்லை. எல்லாரும் என் ஆத்தாவைப் பார்த்தார்கள். அவள் இடுப்பில் கைக்குழந்தையாக என் தம்பி இருந்தான்.

எங்கள் வீட்டில் கடைக்காரர் வீட்டாரும், அவர்கள் வீட்டில் நாங்களும் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

"அதெல்லாம் எங்க வீட்ல பழக்கமில்ல" என்றார் கடைக்காரர் மனைவி.

"பிள்ளயக் கொண்டாங்க மதினி. பழக்கத்தப் பத்தி வவுறு நெறஞ்ச பெறகு பேசிக்கிருவோம்" என்றாள் ஆத்தா.

அப்பா வீட்டுக்கு வந்து கத்தினார். "நம்ம பயலுக்கே பத்தலயே!"

"பத்தாட்டி ரெண்டும் சேந்து அழுகட்டும்."

மழை விழும்வரை கொடுத்தாள். குழந்தை பிழைத்துக்கொண்டான். என் தம்பிக்கு எப்போது இரண்டாம் தடவை சோறு வேண்டுமானாலும், இன்றுவரை அந்தக் கோடையைத்தான் சாட்சிக்கு அழைக்கிறான்.

கடைக்காரர் வீட்டுப் பையன் பேசத் தொடங்கியபோது, முதல் 'ம்மா'வை என் ஆத்தாவைப் பார்த்துச் சொன்னான்.

"அது சும்மா ஒதட்டுச் சத்தம்" என்றார் கடைக்காரர் மனைவி.

பிறகு ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில், நூலகத்தில் தேடிப் படித்தேன். ஐஸ்லாந்தில் அம்மா என்றால் பாட்டி. கொரியாவில் ஏறக்குறைய இதே சத்தம் தாயைக் குறிக்கிறது. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லையாம். பால் குடிக்கும் குழந்தை உதடு மூடி எழுப்பும் சத்தத்தை, அருகில் இருந்தவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொண்டார்களாம். மொழி அறிஞர்கள் கடைக்காரர் மனைவியின் கட்சி.

நர்ஸ் தன் தேசத்துக்குத் திரும்பிவிட்டார். ஜீப் வருவதில்லை. கடைக்காரர் குடும்பம் மதுரைக்குப் போய்விட்டது. பையன் அங்கே கான்வென்டில் படிக்கிறான். இந்தச் சித்திரையில் திருவிழாவுக்கு வந்தவன் எங்கள் வாசலில் நின்று, ஆத்தாவைப் பார்த்துக் கைகூப்பி, "வணக்கம் ஆன்ட்டி" என்றான். முறுக்கு வாங்கித் தின்றான். தண்ணீரும் குடித்தான்.

அவன் போன பிறகு ஆத்தா என்னிடம் கேட்டாள். "ஆன்ட்டின்னா என்னத்தா?"

"பெரியவுகள மரியாதையாக் கூப்பிடுறது."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

"சரி" என்று சொல்லிவிட்டு, அவன் குடித்து வைத்த செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.