கல்முனையில் நடந்து காட்டிய நாள்

உடலுழைப்புக்கும் ஊர்மக்களின் ஆரோக்கியத்துக்கும் உள்ள தொடர்பை என் கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்த காலம் அது. எண்பதுகளின் நடுப்பகுதி, தை மாதம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு இருபத்தைந்து மைல்தான். வழியெல்லாம் இராணுவச் சோதனைக்காக இறங்கி ஏறி, பஸ் வந்து சேர மூன்று மணித்தியாலம் ஆனது.

கல்முனையை அடுத்த சாய்ந்தமருதில் ஓர் அறை எடுத்தேன். வாடகைக் கார் ஓட்டியவர் ஹனிபா காக்கா; காக்கா என்றால் அங்கே அண்ணன். சிங்களமும் நன்றாகப் பேசுவார். பக்கத்து நற்பிட்டிமுனையில் மீராசா உட்பட விவசாயிகள் சிலரின் இடுப்பில் நடையை எண்ணும் சின்ன மீட்டரைக் கட்டிவிட்டேன். உள்ளே ஸ்பிரிங், வெளியே முள். அடி வைத்தால் 'டிக்' என்னும்.

மூன்றாம் நாள் காலை பத்து மணியளவில் ஹனிபா காக்கா ஓடிவந்தார்.

"தம்பி, மீராசாவ ஆமிக்காரனுகள் புடிச்சிட்டானுகள். வயலுக்குப் போற பாதையில, செக் பொயின்டில. இடுப்பில குண்டு கட்டியிருக்கான் எண்டுறானுகள்."

சட்டையை மாட்டினேன். "நான் போய்ச் சொல்றன்."

"நீங்க தமிழ்ப் பொடியன். உங்களையும் புடிச்சு வெச்சிருவானுகள்."

"ஓம், தெரியும். நீங்க கதைக்க வாறீங்களா?"

அவர் காரை எடுத்தார்.

மீராசா தெருவோரம் முழந்தாளில், கைகளைப் பிடரியில் கோத்தபடி இருந்தார். மீட்டர் தள்ளி ஒரு மண்மூட்டையின் மேல் கிடந்தது. யாரும் கிட்டப் போகவில்லை. ஹனிபா காக்கா விளக்கினார். அதிகாரி கேட்டதை எனக்குத் தமிழில் சொன்னார்: "நடைய எதுக்கு எண்ணணும் எண்டு கேக்கார்."

"நோய்க்கும் நடைக்கும் தொடர்பு பார்க்க" என்றேன். அந்த இடத்தில் எனக்கே அது நம்பும்படியாக இல்லை.

அதிகாரியின் பதிலையும் காக்கா தமிழில் சொன்னார்: "அப்ப நீயே கட்டி நடந்து காட்டு."

கட்டிக்கொண்டு நடந்தேன். முதுகுக்குப் பின்னால் துப்பாக்கிகள். எதிரே இருந்த மரத்தைத் தொட்டுத் திரும்பி வந்தேன். முள் அசையவே இல்லை. அதிகாரியின் முகம் மாறியது. அப்போதுதான் உறைத்தது: பயத்தில் நான் காலைத் தரையில் உரசிக்கொண்டு நடந்திருக்கிறேன். இடுப்பு குலுங்காமல் அது எண்ணாது.

"இன்னொருக்கா நடக்க விடச் சொல்லிக் கேளுங்க, காக்கா!"

அவர் கெஞ்சினார். நான் இராணுவ அணிவகுப்பைப் போல நிலத்தை உதைத்து நடந்தேன். டிக், டிக். முள் நகர்ந்தது. ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான். மீட்டரை வைத்துக்கொண்டு, மீராசாவையும் எங்களையும் போகச் சொன்னார்கள்.

காரில் பழக்கதோஷத்தில் மீராசாவின் நாடியைப் பிடித்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். "இனி என்னில ஒண்டும் அளக்காதீங்க, தம்பி."

மற்றவர்களிடமிருந்த மீட்டர்களையும் அன்றே கழற்றி வாங்கினேன். பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டுத்தான் ஆய்வை முடித்தேன். அந்தப் போகத்தில் பலர் வயலுக்குப் போவதையே குறைத்திருந்தார்கள். காரணம் சோம்பலும் அல்ல, நோயும் அல்ல.

இப்போது கல்முனைக்கு ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு: பாதை நல்லது, தங்க இடமுண்டு. வெள்ளிக்கிழமை நண்பகலில் யாரையும் சந்திக்கத் திட்டமிடாதீர்கள், ஜும்ஆத் தொழுகை நேரம். கருவி எதுவானாலும் முதலில் ஊரில் எல்லோருக்கும் காட்டுங்கள். எவ்வளவு நடக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், நடந்து போக வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.