மணியடித்தால் ஒரு சுற்று

பாரில் வேலை செய்கிறவனுக்குக் கை இரண்டும் ஓடிக்கொண்டிருந்தால் போதும், மனம் எங்கே நிற்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. கனடாவின் ஸ்காபரோவில், டோர்செட் பார்க் தொடர்மாடிகளுக்குப் பக்கத்துப் பிளாசாக் கடைத்தொகுதியில் நான் பியர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஊரில், இலங்கையில், சண்டை முடிகிற கட்டத்துக்கு வந்திருந்தது. என் தங்கை வசந்தியும் அவள் மகளும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாது.

கோயில் பழக்கம்

எங்கள் கவுண்டருக்கு மேலே ஒரு பித்தளை மணி தொங்கும். அதை அடிக்கிறவர் அந்த நேரம் அங்கே இருக்கிற எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கிக்கொடுக்க வேண்டும். வெள்ளைக்காரருக்கு இது பிறந்ததிலிருந்தே தெரியும். பேக்கரியில் வேலை செய்யும் சிவம் அண்ணைக்குத் தெரியாது. முதல்முதலாக உள்ளே வந்தவருக்கு, மணியைக் கண்டதும் கை தானாக மேலே போய்விட்டது. அடித்ததோடு நிற்காமல் கண்ணையும் மூடினார்.

திறந்து பார்த்தால் பார் முழுக்கக் கைதட்டுகிறது. விஷயத்தைச் சொன்னேன். மனுசனின் முகம் செத்துப்போனது. ஆனாலும் ரோசக்காரர், எல்லோருக்கும் வாங்கிக்கொடுத்தார். போகும்போது சொன்னார்: "தம்பி, பிள்ளையாருக்கு அடிச்சிருந்தா ஒரு கற்பூரத்தோட முடிஞ்சிருக்கும்."

கறிவேப்பிலைக் கணக்கு

எங்கள் ஆட்கள் பாருக்கு வந்தால் காரைப் பாருக்கு முன்னால் விடமாட்டார்கள். பக்கத்துத் தமிழ்க் கடை வாசலில் விட்டுவிட்டுப் பின்கதவால் வருவார்கள். யாராவது கண்டால் கறிவேப்பிலை வாங்க வந்த கணக்கு. சிவம் அண்ணை வீட்டில் ஒரு தோட்டத்துக்குப் போதுமான கறிவேப்பிலை சேர்ந்திருக்கும்.

சண்டை இறுகிய அந்த மாதங்களில் மட்டும் எல்லோரும் காரை நேர் முன்னாலேயே விட்டார்கள். யார் கண்டால் என்ன என்றாகிவிட்டது. குடிக்கவும் இல்லை, ஒரு ஜிஞ்சர் ஏல் சோடாவை வைத்துக்கொண்டு ரிவிச் செய்தியையே பார்த்திருந்தார்கள். சிவம் அண்ணையின் தம்பியும் வன்னிக்குள்தான் இருந்தான். ஒருநாள் அவர் மனைவியே முன்கதவால் வந்துவிட்டார். நான் பதறிப்போனேன். அன்ரி ஒரு சோற்றுப் பார்சலைக் கவுண்டரில் வைத்தார். "குடிச்சாலும் பரவாயில்லைத் தம்பி, மனுசனை ரெண்டு வாய் சாப்பிடச் சொல்லுங்கோ."

இலக்கம் விழாத போன்

கவுண்டருக்குள் செல்போன் கூடாது என்பது முதலாளியின் சட்டம். நான் எலுமிச்சைத் துண்டுப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன். ஊரிலிருந்து வருகிற போனுக்குத் திரையில் இலக்கம் விழாது. வீட்டுக்குச் சூடு கொண்டுவருகிற காற்றுக்குழாயைத் துப்பரவாக்கவா என்று கேட்டு உயிரை வாங்குகிறவர்களின் போனுக்கும் விழாது. வேறு காலமென்றால் யார் எடுப்பார்? அப்போது நான் எல்லாவற்றையும் எடுத்தேன்.

ஒரு மத்தியானம் போன் அதிர்ந்தது. "வசந்தியோ?" என்று கத்திவிட்டேன். மறுமுனையில் ஒரு பெண், எங்கள் வீட்டுக் குழாயில் எவ்வளவு தூசு இருக்கும் தெரியுமா என்று தொடங்கினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பினால் பின்னால் முதலாளி! வேலை போச்சு என்றே நினைத்தேன். அவர் போனை வாங்கித் துண்டால் துடைத்தார். "எலுமிச்சைக்குப் பக்கத்தில் வைத்தால் நனைந்துவிடும். மணிக்குக் கீழே வை, நீ கேட்காவிட்டாலும் யாராவது கேட்போம்."

மற்றச் சுற்று

சண்டை முடிந்துவிட்டது என்று ரிவியில் சொன்னார்கள். அதன் பிறகு சில நாள் கழித்து, என் இரண்டு கையிலும் கிளாஸ் இருந்தபோது, மணிக்குக் கீழே போன் அடித்தது. சிவம் அண்ணை எடுத்தார். "ஓம்... ஓம் பிள்ளை... நிக்கிறான், நிக்கிறான்" என்றபடி என் காதில் வைத்தார்.

வசந்திதான். சனத்தை அடைத்துவைத்திருந்த முகாமில் யாரோ ஒளித்துவைத்திருந்த போனில் பேசினாள். "அண்ணா, நாங்கள் ரெண்டு பேரும் இருக்கிறம்." அவ்வளவுதான், தொடர்பு அறுந்துவிட்டது. அது போதும். நான் அப்படியே பியர் பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோசத்தில் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

தலைக்கு மேலே மணி கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சிவம் அண்ணை. இந்த முறை அவர் கண்ணை மூடவில்லை. அவர் தம்பியைப் பற்றி அதுவரை ஒரு தகவலும் இல்லை. "அண்ணை, உங்கட தம்பி..." என்று இழுத்தேன். "அவனுக்கு அவன் வரேக்க அடிப்பம். இண்டைக்கு உன்ர தங்கச்சி வந்திட்டாள், எல்லாருக்கும் ஊத்தடா!"

கிளாஸைச் சாய்க்க மறந்து, பாதிக்கு மேல் நுரையாகவே ஊற்றியும் ஒருவர்கூடக் குறை சொல்லாத சுற்று, என் உத்தியோகத்தில் அது ஒன்றுதான்.